தவில் நின்ற நேரம்

"மேளம் வேணும்ன்றீங்க. தாலி கட்ற நேரத்துல மட்டும் அடிக்கக் கூடாதுன்றீங்க. அப்ப என்னை இன்னாத்துக்குக் கூப்பிடுறீங்க, செட்டியாரே?"

தவில்காரர் கலியபெருமாள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால்தான் செஞ்சி கடைத்தெருவில் முப்பது வருஷமாக மளிகை விற்கும் சம்பந்தம் செட்டியார் துவரம்பருப்பு மூட்டையைத் தடவிக்கொண்டு நின்றார்.

அவர் மகள் நீலாவதிக்கு வருகிற தை மாதம் கல்யாணம். அண்ணன் சுந்தரமூர்த்தி பக்கத்தில் நிற்காமல் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவனுக்கோ, இருபத்தைந்து வயதாகியும் பெரிய சத்தம் ஆகாது. ஒருமுறை திருவிழா மேளத்துக்குப் பயந்து ஓடியவனைச் சாயங்காலம் ராஜகிரிக் கோட்டைப் படியில்தான் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அவனைப் பின்கட்டு அறையில் விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது.

கலியபெருமாள் விடுவதாக இல்லை. "தும்மல், அழுகை, ஆகாத பேச்சு எதுவும் காதுல விழக் கூடாதுன்னுதான் கெட்டிமேளம் வச்சிருக்குது. நாப்பது வருஷமா அடிக்கிறேன். ஒரு தாலிக்கும் என் தவில் நின்னதில்ல" என்றவர், அந்த அடி எப்படி விழும் என்று கடைப் பலகையில் விரலால் தட்டியும் காட்டினார்.

உள்ளே பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த சுந்தரமூர்த்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவில் குந்திவிட்டான். தவில்காரரின் விரல் நின்றது. எட்டிப் பார்த்து, "பயந்துட்டியா, தம்பி?" என்றார்.

"பயந்துட்டியா, தம்பி" என்றான் அவனும், அதே குரலில்.

யார் எதைச் சொன்னாலும் அதையே திருப்பிச் சொல்வான். அவன் பேச்சு அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் எழுந்து, விட்ட இடத்திலிருந்து நூலைச் சுற்ற ஆரம்பித்தான். அவன் கட்டிய பொட்டலத்தைப் பிரிக்க யாருக்கும் மனசு வராது, அத்தனை நேர்த்தி.

கலியபெருமாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வழக்கத்தை மாத்த முடியாது, செட்டியாரே. முகூர்த்தத்துக்கு வந்துடறேன்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, சம்பந்தத்தின் நிலைமை அதுதான். திண்டிவனத்துச் சம்பந்தி வீட்டார், பந்தலில் ரேடியோ செட் பாட்டு வேண்டாம் என்றதற்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்கள். சாவுக்கே மேளம் உண்டு, உங்கள் வீட்டுத் தாலிக்குக் கிடையாதா என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் அரங்கநாதன் கேட்டே விட்டார். மகளிடம் சொன்னால், "அப்ப அவனோட என்னையும் சேத்து உள்ள பூட்டிடு, நைனா" என்றாள்.

முகூர்த்தத்தன்று காலையில் வாசல் பந்தலில் மேளம் வெளுத்து வாங்கியது. சுந்தரமூர்த்தி பின்கட்டில், தாழ்ப்பாளுக்கு உள்ளே இருந்தான். நீலாவதி கூறைப் புடவை மாற்றப் போனபோது மேளம் ஓய்ந்தது. மேளக்காரர்கள் காப்பி குடிக்கப் பின்பக்கம் போய்த் திரும்பினார்கள். அதற்குள் அவள் தன் கையாலேயே தாழ்ப்பாளைத் திறந்து, அண்ணனை அழைத்து வந்து மணவறை ஓரம் நிறுத்திவிட்டாள்.

சம்பந்தம் மகன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். மேளம் அதிர்ந்ததும் அவன் கத்திக்கொண்டு ஓடுவான். பின்னாலேயே மகளும் மணையை விட்டு எழுந்துவிடுவாள். அவளை அவருக்குத் தெரியாதா?

ஐயர் தாலியை மாப்பிள்ளையிடம் கொடுத்துக் கையை உயர்த்தினார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்!"

கலியபெருமாள் கோலை ஓங்கினார். சம்பந்தம் கண்ணை மூடிக்கொண்டார்.

சத்தமே வரவில்லை. கண்ணைத் திறந்தால், கலியபெருமாள் தவிலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தோல் குறுக்காகக் கிழிந்து தொங்கியது. நாயனக்காரரும் நாயனத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார். பந்தலே வாயடைத்துப் போன அந்த நேரத்தில் ஒரே ஒரு குரல் கேட்டது.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்."

சுந்தரமூர்த்திதான். ஐயர் சொன்ன அதே ராகத்தில், காதைப் பொத்தாமல், தங்கையைப் பார்த்தபடி சொன்னான். மூன்று முடிச்சும் விழுகிறவரை சொல்லிக்கொண்டே இருந்தான். நீலாவதி சிரித்துக்கொண்டே அழுதாள். அட்சதை போட எடுத்த கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார் சம்பந்தம்.

பந்தியில் கலியபெருமாளின் பெயர் நாறியது. குடித்துவிட்டு வந்திருப்பான் என்றார்கள். இனி திண்டிவனத்துப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கும் இவனைக் கூப்பிட விடமாட்டேன் என்று அரங்கநாதன் இலைக்கு முன்னாலேயே சபதம் போட்டார். கலியபெருமாள் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தார்.

சம்பந்தத்துக்கும் கோபம்தான். பிள்ளை ஓடாமல் நின்றதென்னவோ புண்ணியம். ஆனாலும் மகள் கழுத்தில் தாலி ஏறுகிற நேரத்திலா தோல் கிழிய வேண்டும்? தவிலைச் சரி பார்த்துக்கொண்டு வரக் கூடாதா? வெற்றிலை பாக்கு கொடுக்கும்போது நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று பின்கட்டுக்குப் போனார்.

கலியபெருமாள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். "தம்பி சாப்டாரா?" என்று மட்டும் கேட்டார்.

அவருக்கு முன்னால் இரண்டு தவில்கள் இருந்தன. காலையில் வெளுத்து வாங்கிய தவில், கட்டையில் வைத்த சந்தனம்கூடக் கலையாமல் விண்ணென்று நின்றது. பக்கத்தில் கிடந்த கிழிந்த தவிலைச் சம்பந்தம் குனிந்து பார்த்தார்.

கிழிசலுக்கு உள்ளே, என்றோ பின்னிய சிலந்தி வலையில் தூசி படிந்திருந்தது.