இரண்டு அட்டை குறையுது

"விளையாடும்போது பாருடா, ஆளோட நிஜமான..." என்று தாய்மாமா ஏதோ சொல்வார். நிஜமான குணமா, நிஜமான முகமா, அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த சின்னவருக்கு மறந்துவிட்டது. ஆனால் அண்ணியின் கை ஓர் அட்டையோடு மேஜைக்கு அடியில் போனதைப் பார்த்ததும் மாமாவின் குரல் காதில் கேட்டது.

அண்ணன் எதையும் கவனிக்கவில்லை. தலையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்குப் பாதி விஷயம் நினைவில் நிற்பதில்லை. எழுத்துகளைக் கலைத்துப் போட்டுச் சின்னச் சின்ன வார்த்தைகளாகச் சேர்க்கட்டும், மூளைக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார். அதனால் வீட்டில் தினமும் இந்த அட்டை விளையாட்டு.

"ப, ட, கு. படகு!" அண்ணன் கைதட்டினார். "க, யி, று. கயிறு!"

"படகும் ஆச்சு, கயிறும் ஆச்சு. இனி ஒரு கடல்தான் பாக்கி," என்றார் அண்ணி.

"அதுவும் இருக்குடி, பொறு!"

அண்ணி சிரித்துக்கொண்டே பெட்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் அட்டைகளை அள்ளினார். அதில் ஒன்று மறுபடியும் மடிக்குப் போனது.

சின்னவருக்குச் சுருக்கென்றது. வெளிநாட்டு வேலையை விட்டு வந்த கையோடு, அண்ணனைக் கொஞ்ச நாள் தன் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார். இங்கே நடக்கிற கூத்து இதுவா?

"அண்ணி, மடியில என்ன?"

அண்ணியின் முகம் வெளுத்தது. "ஒண்ணுமில்ல தம்பி. விளையாட்டுதானே, விடுங்க."

"விளையாட்டா? நோயாளிகிட்ட அழுகுணி ஆட்டம் ஆடி ஜெயிச்சு என்ன கிரீடமா வைக்கப் போறாங்க? என் பிள்ளைங்க ஒரு பொய் சொன்னாலே நான் முகம் கொடுத்துப் பேச மாட்டேன். நாளைக்கே அண்ணனைக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"சத்தம் போடாதீங்க தம்பி, கெஞ்சிக் கேக்குறேன்..."

அண்ணி பதறி எழுந்தார். மடியிலிருந்து இரண்டு அட்டைகள் தரையில் விழுந்தன. சின்னவர் அவற்றைப் பொறுக்கி அண்ணன் முன்னால் வைத்தார்.

"இந்தாங்கண்ணே. இதுவும் உங்களுதுதான்."

அண்ணன் இரண்டையும் பார்த்தார். இடம் மாற்றி வைத்தார். முகம் மலர்ந்தது.

"அட, நம்ம பாப்பா பேரு!" நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். "ஏம்மா, பாப்பா இன்னும் வரலையா?"

பதிலுக்குக் காத்திராமல், சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளறைக்கு நடந்தார். "பாப்பா!"

அண்ணன் மகள் விபத்தில் போய் ஒரு வருஷம் ஆகிறது. சேதி கேட்டு விமானம் பிடித்து ஓடிவந்து, கதறிய அண்ணனைத் தாங்கிப் பிடித்தவரே சின்னவர்தான்.

"அண்ணி... அவருக்கு அது ஞாபகமே இல்லையா?"

"ஆபரேஷனோட போயிடுச்சு. பேரைப் பார்த்தா மட்டும் தேடுவார். முதல் தடவை உண்மையைச் சொன்னேன், துடிச்சுப்போயிட்டார். மறுநாள் அதுவும் மறந்துடுச்சு. மறுபடி இந்த அட்டை ரெண்டும் கைக்கு வந்துச்சு. மறுபடி சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது அப்பத்தான் நடக்குது தம்பி."

"தூக்கிப் போட்டுடலாமே?"

"ராத்திரி அவரே எண்ணித்தான் பெட்டியில வைப்பார். ரெண்டு குறைஞ்சா வீட்டையே புரட்டிடுவார். அதான் ஆடும்போது எடுத்துக்குவேன், எண்ணும்போது கவுத்துச் சேர்த்துடுவேன்."

அண்ணன் திரும்பி வந்தார்.

"ரூம்ல இல்லையே. போர்வை மடிச்ச மடிப்பு கலையாம இருக்கு." அண்ணியிடம் திரும்பினார். "ஏம்மா, பேச மாட்டேங்குறே?"

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் சின்னவரின் தோளைப் பிடித்தார். "டேய் தம்பி, நீ பொய் சொல்ல மாட்டே. நீ சொல்லு. பாப்பா எங்கடா?"

சின்னவர் மேஜையிலிருந்த அந்த இரண்டு அட்டைகளையும் கவிழ்த்து வைத்தார்.

"எங்க வீட்டுலதாண்ணே இருக்கா. பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருக்கா," என்றார்.