பித்தளைச் சட்டி

மச்சான் துப்பினார். சும்மா இல்லை, வாய் நிறையத் துப்பினார். பித்தளைச் சட்டி ணங்கென்றது.

விஸ்கியைப் பீப்பாயில் ஊறவைத்து விற்கும் பீப்பாய்க்காரருக்கு அதில் வருத்தமில்லை. ருசி பார்த்துத் தரம் சொல்ல வந்தவன் வாயில் புரட்டிவிட்டுத் துப்பத்தான் வேண்டும். விழுங்கிக்கொண்டே போனால் மூன்றாவது கிளாஸில் கழுதை மூத்திரமும் தேனாகிவிடும். அவருடைய கோபம் வேறு. கிடங்குக்குள் கால் வைத்ததிலிருந்து மச்சான் வாயிலிருந்து சரக்கைவிட வசவுதான் அதிகம் வெளியே வந்துகொண்டிருந்தது.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். நாலு தெருவில் மதுக்கடை வைத்திருக்கும் பெரிய வியாபாரி. தங்கையைப் போயும் போயும் பீப்பாய் உருட்டுகிறவனுக்குக் கொடுத்தோமே என்ற எரிச்சல் அவருக்கு இன்னும் அடங்கவில்லை. இரண்டு பீப்பாயை ருசி பார்த்து, இரண்டையும் துப்பி, கலவைத் தொட்டிக்குத்தான் லாயக்கு என்று சொல்லியாகிவிட்டது. அதில் தகராறு இல்லை. பத்துப் பீப்பாயோடு கலந்து, தண்ணீர் சேர்த்து விற்கிற சரக்குதான் அவை.

மனைவி வந்து சட்டியை எடுத்துப் போனாள். கழுவி, துணியால் துடைத்து, அண்ணனின் முழங்கைக்குப் பக்கத்திலேயே திரும்ப வைத்தாள். காலையில் அவள் சொன்னது பீப்பாய்க்காரர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. “எங்க அண்ணன் நாக்கு தப்பா எடை போடாது.” புருஷனுக்காக ஒரு வார்த்தை பேசக்கூடாதா?

மூன்றாவது பீப்பாய்தான் விஷயம். மகள் பிறந்த வருஷம் ஊற்றி மூடிய போர்பன் விஸ்கி. உள்பக்கம் கரியாக்கிய ஓக் பீப்பாய். மகள் இப்போது வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள். இதை மட்டும் வேறெதோடும் கலக்காமல், ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல், பீப்பாயின் காரத்தோடே தன் பெயர் போட்ட பாட்டிலில் அடைத்து விற்க வேண்டும் என்பது அவர் ஆசை. மச்சான் நல்லது என்று ஒரு வார்த்தை சொன்னால் மற்ற கடைக்காரர்கள் தேடி வருவார்கள். சொல்லாவிட்டால் இதுவும் இன்றைக்கே தொட்டியில் கலந்து, பேரில்லாமல் போகும்.

தக்கையைப் பிடுங்கி, நீளக் கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி, கிளாஸில் இறக்கினார். மச்சான் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தார். மூக்கை உள்ளே விட்டார். ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடினார். ஏதோ பெரிய வசவு ஒன்று கிளம்புகிற மாதிரி தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

கிளம்பத்தான் செய்தது.

“இது என்ன மாப்பிள்ளை, எரிஞ்ச கட்டிலை ஊற வெச்ச தண்ணியா? வெனிலா மணக்கும், வெல்லப் பாகு மணக்கும்னு போன்ல அளந்தீங்க. எனக்கு வார்னிஷ்தான் மணக்குது.”

பீப்பாய்க்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, கிளாஸில் ரெண்டு சொட்டு தண்ணீர் விட்டால் மணம் விரியும் என்றார்.

“தண்ணியெல்லாம் வேண்டாம். இன்னும் கொஞ்சம் அப்படியே ஊத்துங்க. கெட்டதை முழுசாப் பார்த்துடறேன்.”

பீப்பாய்க்காரர் ஊற்றினார். மச்சான் கிளாஸோடு பீப்பாயை ஒரு சுற்று சுற்றி வந்தார். நாக்கு பொசுங்குகிறது என்றார். மரக்கசப்பு என்றார். ஊரை விட்டு ஓடுகிறவன் வாங்கினால் உண்டு என்றார். இதை உங்கள் பேரில் விற்றால் என் தங்கை பேரும் சேர்ந்து நாறும் என்று முடித்தார்.

“போகட்டும். தங்கச்சி முகத்துக்காக நானே எடுத்துக்கறேன். தொட்டிச் சரக்கு விலைக்குப் போட்டுக்குங்க. பீப்பாயோட ஏத்தி விடுங்க, நான் எங்கேயாவது தள்ளிக்கறேன்.” கையை நீட்டினார். அந்தத் தொழிலில் கை கொடுத்தால் பேச்சு முடிந்தது.

பீப்பாய்க்காரரின் பார்வை தக்கை அடிக்கிற மரச்சுத்தியல் மேல் போனது. ஒரே போடு. பீப்பாய் மேல் போடுவதா, மச்சான் மண்டை மேல் போடுவதா என்பதுதான் தீர்மானமாகவில்லை. மனைவியின் பக்கம் திரும்பினார்.

“நீ என்ன சொல்றே?”

“அண்ணன் நாக்குக்குத் தெரியாததா?” என்றாள் அவள், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

அதோடு அவருக்கு விட்டுப்போயிற்று. கட்டினவளே கைவிட்ட பிறகு பீப்பாய் எந்தக் கடலில் மிதந்தால் என்ன? எடுத்துத் தொலையட்டும் என்று கையை நீட்டினார்.

“இருங்க, சட்டியைக் கழுவி வெச்சுட்டு வந்துடறேன், அப்புறம் கை கொடுங்க” என்று மனைவி குறுக்கே வந்தாள். சட்டியைத் தூக்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு புருஷன் கண்ணுக்கு நேராக அதைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

கீழே ஒன்றும் விழவில்லை. மச்சானின் நீட்டிய கை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போனது.

“துப்பவே இல்லையே, அண்ணே.”