கரவெட்டியில் ஒரு முதற்பதிப்பு

கோபிசங்கர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டுதான் தம்பிஐயா மாஸ்டரின் கட்டிலடியில் வந்து அமர்ந்தார்.

நோயாளியைத் தொடுவதற்கல்ல. புத்தகத்தைத் தொடுவதற்கு.

சண்டிலிப்பாய் வீட்டில் கோபிசங்கருக்கென்று குளிரூட்டிய அறையொன்று உண்டு. உலகத்து விஞ்ஞானப் புனைகதை மேதைகள் அத்தனை பேரும், கையெழுத்திட்ட முதற்பதிப்புகளாக, அங்கே கண்ணாடிக்குள் மூச்சுமுட்டிக் கிடக்கிறார்கள்.

ஒரு இடம் மட்டும் காலி. 'செவ்வாயில் ஒரு கிணறு'. மாஸ்டர் எழுதிய ஒரேயொரு நாவல். பிரதி அகப்பட்டுவிட்டது, கையெழுத்துத்தான் பாக்கி.

மாஸ்டரையோ, "வீட்டுக்குக் கொண்டுபோய் விருப்பமானதைச் சாப்பிடக் குடுங்கோ" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதனால்தான் இந்த அவசரம். கூடவே மரியாதைக்கு ஒரு பை தோடம்பழம்.

"நான் கண்ணை மூடினாப் பிறகு விலை ஏறும், என்ன?"

"ஓம்... சீச்சீ, இல்லை மாஸ்டர்."

மாஸ்டர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"உது பழசு. உதை விடும் ஐசே."

மருமகள் தயாளினியைப் பார்த்தார். அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மெல்லிய புத்தகமொன்றைக் கொண்டுவந்து கோபிசங்கரின் மடியில் வைத்தாள். அச்சு மை மணம் இன்னும் போகவில்லை.

மாஸ்டரின் புதுப் புத்தகம்! உலகத்தில் ஒரு குருவிக்கும் தெரியாது! கோபிசங்கர் கையுறையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

அட்டையில் மாஸ்டரின் படம். கீழே 'தோற்றம்', பக்கத்தில் பிறந்த திகதி. அதற்கும் கீழே 'மறைவு'. பக்கத்தில் வெறும் கோடு.

செத்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகம், கல்வெட்டு.

"பிள்ளையள் எழுதினால் புளுகித் தள்ளுவாங்கள். அதுதான் நானே எழுதி அடிப்பிச்சுப் போட்டன். கையெழுத்து வைச்சுத் தாறன், திகதியை நீரே போட்டுக்கொள்ளும்."

மாஸ்டர் பேனையைத் திறந்தார்.

கல்வெட்டுக்குரியவரே கையெழுத்திட்ட கல்வெட்டு. லண்டனிலும் ரொறன்ரோவிலும் எந்தக் கொம்பனிடமும் இல்லாத சாமான். ஏலத்தில் வந்தால் கோபிசங்கர் வீட்டை ஈடுவைத்தாவது எடுப்பார்.

அவர் பேனையை மெல்ல வாங்கி மூடினார்.

"உதுக்குள்ளை எழுத்துப் பிழை கனக்கக் கிடக்கு மாஸ்டர். ஆறுதலாய் இருந்து திருத்துங்கோ. ரண்டாம் பதிப்பு வரட்டும், வாங்கிறன்."

இரண்டாம் பதிப்பு எதையும் அவர் வாழ்நாளில் வாங்கியதில்லை.

மடியில் கிடந்த அந்தக் கல்வெட்டை அவர் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை.