புங்கமரத்தை அளக்க வந்தவ

குப்பை கொட்டிக்கிட்டிருந்த இடத்தைச் சுத்தம் பண்ணி, எட்டுப் போட்ட மாதிரி நடைபாதை போட்டு, பார்க்கு ஆக்கினாங்களாம். நடுவுல நின்ன புங்கமரத்தை மட்டும் வெட்டாம விட்டுட்டாங்க. அதுல குட்டிகளோட ஒரு அணிலு இருந்துச்சு. மரத்தை என்னைக்கு வெட்டுவாங்களோன்னு அதுக்கு அப்பவே சந்தேகம்.

கனத்த உடம்போட ஒரு அம்மா தினமும் காலைல வந்து, அந்த எட்டுலயே சுத்திச் சுத்தி நடப்பாங்க. ஒவ்வொரு சுத்துக்கும் மரத்துல கையை வச்சு நிப்பாங்க.

"போய்ச் சேர இடமில்லாம எவளாச்சும் நடப்பாளா? உன்னை அளக்குறா!"ன்னு மரத்துக்கிட்டச் சொல்லுச்சு அணிலு.

பாவம், அதோட அக்கா குடும்பம் ரோட்டோரப் புளியமரத்துல இருந்துச்சு. அந்த அக்கா இருக்காளே, வாயைத் திறந்தா மூட மாட்டா, சரி, அது கிடக்கட்டும். அந்த மரத்தையும் இப்படிக் கையை வச்சு அளந்துட்டுத்தான் மறுநாள் ரம்பத்தோட வந்தாங்க.

"முட்டி வலிடி அவளுக்கு. கை எப்படி நடுங்குது தெரியுமா?"ன்னுச்சு மரம்.

"நடுங்காதா பின்ன? திருட்டுக் கை!"

புங்கம்பூ உதிர்ற சமயம் பார்த்தா, அந்தம்மா விறுவிறுன்னு நடக்குறாங்க. மரத்தைத் தொடவே இல்லை.

"அளந்து முடிச்சிட்டா!"ன்னு அணிலு குட்டிகளை ஒவ்வொன்னாக் கவ்விக்கிட்டு, மூலையில நின்ன வேப்பமரத்துக்குக் குடி போயிருச்சு.

மறுநாள் அந்தம்மா, காலை இழுத்து இழுத்து நடக்குற ஒரு பெரியவரைக் கூட்டிட்டு வந்தாங்க.

"முடியலேன்னா இதைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்கண்ணே. நானும் இதைப் பிடிச்சுத்தான் நடந்தேன்."

அவரு மரத்துல கையை வச்சாரு.

வேப்பமரத்துலேருந்து எட்டிப் பார்த்த அணிலு குட்டிகளை இறுக்கி அணைச்சுக்கிச்சு. "பார்த்தீங்களாடா? மரம் வெட்டுற மேஸ்திரியையே கூட்டிட்டு வந்துட்டா!"