பத்தடி ஓட்டம்

அவள் நூறு மீட்டர் ஓட்டத்தில் நாட்டுக்கே ராணியாக இருந்த நாட்களில், ஓடி முடித்துத் தண்ணீர் குடித்த பிறகுதான் துப்பாக்கிச் சத்தமே வந்து சேரும். அந்தக் காலில் இப்போது புது மூட்டு. மருத்துவமனைப் பயிற்சி அறையில், இடுப்புயர இரும்புக் கம்பிகள் இரண்டுக்கு நடுவே, இரண்டையும் பிடித்தபடி நிற்கிறாள். பத்தடி தள்ளிக் கம்பிகள் முடிகிற இடத்தில் தரையில் ஒரு சிவப்புக் கோடு, பக்கத்தில் நாற்காலி. கம்பியை விட்டு நாலு எட்டு வைத்தால் நாளைக்கு வீடு. இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம் மருத்துவமனைக் கட்டில்தான். மூன்று நாளாகக் கை விட மறுக்கிறது. மோதிரம் மட்டும் கம்பியில் டிக் டிக் என்று அவசரப்படுகிறது. "மெதுவா வாங்கம்மா. கோட்டுக்கிட்ட நின்னு உக்காந்துக்கலாம்," என்கிறாள் பயிற்சி தருபவள். "அடியே, உன்னை யாரும் துரத்தலை," என்கிறாள் சுவரோரம் இருக்கும் அக்கா. "துரத்தினா மட்டும் பிடிச்சுடுவாங்களாக்கா?"

கம்பியைப் பிடித்தபடியே ஓர் எட்டு. இன்னோர் எட்டு. முட்டிக்குள் ஊரே கூடி ஆணி அடிக்கிறது. கோடு நெருங்க நெருங்க மார்பு தானாக முன்னே சாய்கிறது. கோட்டைத் தாண்டிய பிறகே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று இருபது வருஷம் பழகிய உடம்புக்கு, கோட்டில் நிற்பது தெரியாத வித்தை. கோட்டைத் தாண்டுகிறாள். நாற்காலியையும் தாண்டுகிறாள். "அம்மா, நில்லுங்க!" கதவருகே போய்த்தான் நிற்கிறாள். கம்பிகள் எங்கேயோ பின்னால் கிடக்கின்றன. எதையும் பிடிக்காத இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். "அக்கா, பெட்டியைக் கட்டு. நாளைக்கு என்ன நாளைக்கு, இப்பவே கிளம்பலாம்."