அப்பாத்துரை அண்ணாச்சியின் கோபம்

அப்பாத்துரை அண்ணாச்சிக்கு மறுபடியும் கோபம் வந்துவிட்டது. "படத்த அனுப்பாதீரும்னு எத்தன தடவதான் சொல்லுதது? எர்ரர எழுத்தா ஒட்டும்வே!" என்று டெலிகிராமில் பாய்ந்திருந்தார்.

கணேஷ்ராம் நாக்கைக் கடித்துக்கொண்டான். எர்ரர் வந்தால் திரையைப் போட்டோ பிடித்து அனுப்பிவிடுவது அவனுக்குக் கைப்பழக்கம். கிழவனாருக்கு நெட் பேக் சீக்கிரம் தீர்ந்துபோகும் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு எழுத்தாகவே ஒட்டினான்.

அண்ணாச்சியை அவன் பார்த்ததில்லை. உடன்குடிப் பக்கம், நாலு முழ வேட்டியும் கொடுவாள் மீசையுமாக, கருப்பட்டிக் காப்பியைக் குடித்தபடி ஊரை ஏசும் ஓய்வுபெற்ற வாத்தியார் என்று அவனாகவே ஓர் உருவம் செய்து வைத்திருந்தான்.

எல்லாம் சித்ரலேகாவால் வந்தது. வண்ணார்பேட்டை இன்சூரன்ஸ் ஆபீஸில் அவனுக்கு அடுத்த சீட். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, கம்ப்யூட்டரும் போனும் வாசித்துச் சொல்வதைக் கேட்டே அவனைவிட வேகமாக வேலையை முடித்துவிடுவாள்.

மூன்று மாதத்துக்கு முன், சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போனில் விளையாடிக்கொண்டிருந்தபோது, "நான் ஆடுத மாதிரி யாராவது ஒரு கேமு செஞ்சா என்னவாம்?" என்று கேட்டுவைத்தாள். ஒரு வருடமாக அவளிடம் மனத்தைச் சொல்ல வாய் வராமல் தவித்தவனுக்கு அது போதாதா? கேமைச் செய்து கொடுத்துவிட்டுக் கையோடு கேட்டுவிடுவது என்று முடிவு கட்டினான். செய்யத் தெரியாது என்பது ஒன்றுதான் குறை.

நெல்லைக்காரர்களின் புரோகிராமிங் குழு ஒன்றில் சேர்ந்தான். அங்கே அத்தனையும் ஆம்பிளைப் பெயர்கள். பெண் பெயரில் யாராவது வந்தால், "சாப்டாச்சா?" என்று கேட்டுக் கேட்டே விரட்டிவிடுவார்கள்.

"பார்வை இல்லாதவங்க ஆடுத கேமு செய்யணும். மொதல்ல எந்த மொழி படிக்கணும்?" என்று கேட்டான். அவ்வளவுதான், அடிதடி. ஒருவர் சி பிளஸ் பிளஸ் என்றார். அதைப் படித்து முடிப்பதற்குள் பேரன் பிறந்துவிடுவான் என்றார் இன்னொருவர். பைத்தான்தான் என்று ஷேக் மைதீன் என்பவர் சத்தியமே செய்தார். மூன்றாம் நாள்தான் அண்ணாச்சி வாய் திறந்தார்.

"பைத்தான்ல வரிக்கு முன்னால எத்தன இடம் விட்டிருக்குன்னு எண்ணியே ஆயுசு போயிரும். ஜாவாஸ்கிரிப்ட் படியும். பிரவுசர்லயே ஓடும், எந்தப் போன்லயும் ஆடலாம். திரையில ஒண்ணும் வரையாண்டாம், எல்லாம் சத்தத்துல இருக்கணும்."

அன்றிலிருந்து அவர்தான் குரு. குலசேகரன்பட்டினம் தசராக் கூட்டத்தில் காளி வேஷம் கட்டியவர் தன் குழுவைத் தொலைத்துவிடுகிறார். மேளச் சத்தம் இடக்காதிலா வலக்காதிலா என்று பிடித்துக்கொண்டே போய்ச் சேரவேண்டும். கேம் அதுதான்.

பாடத்தோடு பாடமாக மனத்தையும் அண்ணாச்சியிடம் கொட்டியிருந்தான். பேரை மட்டும் சொல்லவில்லை. மற்றபடி அடுத்த சீட்டு, அவள் சிரிப்பு, தன் தூக்கம் போனது என ஒன்றையும் விடவில்லை. இன்று கொட்டுவதற்குப் பெரிய விஷயமே இருந்தது.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம தூத்துக்குடில இருந்து அவளப் பொண்ணு பாக்க வாராவளாம். நான் என்ன செய்ய?"

"நாளைக்குள்ள கேம முடிச்சிரும்வே. அது ஓடிச்சுன்னா அந்தப் பிள்ள ஓம்மளத்தான் கெட்டிக்கிடுவேன்னு சொல்லும். நான் ஜவாப்தாரி."

"ஆளத் தெரியாமலே எப்படிச் சொல்லுதிய?"

"ஓடாத கேமக் கொண்டுபோயி நின்னீருன்னா, நான் பொறுப்பில்லவே."

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆபீஸில் டிபன் பாத்திரங்கள் திறக்கும் நேரத்தில் லேப்டாப்பைச் சித்ரலேகாவின் மேசையில் வைத்தான்.

"மேடம், ஒங்களுக்காக ஒரு கேமு செஞ்சிருக்கேன். ஆடிப் பாருங்க. பொறவு ஒரு விசயம் பேசணும்."

"முடிச்சிட்டியளா சார்?" என்றபடி அவள் தன் போனிலிருந்து இயர்போனை உருவி லேப்டாப்பில் செருகினாள்.

மேளம் கேட்டிருக்க வேண்டும். முகம் மலர்ந்தது. தலையை இடப்பக்கம் சாய்த்து ஒரு விசையை அழுத்தினாள், அப்புறம் வலப்பக்கம்.

"சத்தம் நின்னுட்டே சார்."

திரை முழுக்கச் சிவப்பாக எர்ரர். அவனுக்குத் தூத்துக்குடி மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு கண்முன்னே வந்து நின்றார். "ஒரு நிமிசம் மேடம்" என்று பதறியவன், பழக்க தோஷத்தில் திரையைப் போட்டோ பிடித்து அண்ணாச்சிக்குத் தட்டிவிட்டான்.

மேசைமேல் கிடந்த சித்ரலேகாவின் போன், இயர்போன் இல்லாததால் ஆபீசுக்கே கேட்கும்படி கணீரென்று வாசித்தது: "டெலிகிராம். கணேஷ்ராம். ஒரு படம்."

கணேஷ்ராம் போனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மூன்று மாதமாகத் தான் கொட்டியதெல்லாம் வரி வரியாக நினைவுக்கு வந்து காது சுட்டது.

சித்ரலேகா சிரிப்பை அடக்கிக்கொண்டு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

"படம் வேண்டாம், எர்ரர வாசியும்வே... ஓட வச்சிருவோம்!"