காதுகுத்துக்கு வந்தவர்கள்

இருபது நிமிடம் முடிந்ததும் புவனேஸ்வரி கண்ணாடிக் குழாயை மெல்லச் சாய்த்தாள்.

உறைந்திருந்தால் ரத்தம் அடியிலேயே நின்றிருக்கும். இது தண்ணீர் மாதிரி ஓடிக் குழாயின் வாய்வரை வந்தது. நர்ஸ் வேலைக்கு வந்த பதினோரு வருடத்தில், பாம்பு கடித்து வந்தவர்களின் ரத்தம்தான் இப்படி ஓடிப் பார்த்திருக்கிறாள். இவன் டிராக்டருக்கு அடியில் மாட்டிக்கொண்டவன்.

கட்டிலில் கிடந்தவன் பெயர் மணிவேல். முப்பது வயது இருக்கும். பூலாம்பாடிப் பக்கம் குலசாமி கோயிலில் மகளுக்குக் காதுகுத்தி, கெடா வெட்டிச் சாப்பிட்டுவிட்டுச் சொந்தக்காரர்களோடு திரும்பும்போது டிராக்டர் டிரைலரோடு வாய்க்காலில் புரண்டுவிட்டது. இடுப்பும் தொடையும் நசுங்கிப் போயின.

ரத்தம் நிற்கட்டும் என்று கூட வந்த புத்திசாலிகள் கலர் சோடா விற்கிறவனின் ஐஸ் பெட்டியை அப்படியே அவன்மேல் கவிழ்த்திருக்கிறார்கள். நனைந்த துணியைச் சுற்றி, திறந்த வண்டியில் காற்றடிக்கப் பெரம்பலூர்வரை கொண்டுவந்திருக்கிறார்கள். தொட்டால் மண்பானை மாதிரி சில்லென்று இருந்தான். ரத்தம் உறைய உடம்பில் சூடு வேண்டும் என்று அந்தக் கும்பலுக்கு யார் போய்ச் சொல்வது?

இரண்டு கம்பளி போர்த்தியும் பல் கிட்டித்தது. "குளுருது தனம்" என்று பெண்டாட்டியிடம் ஒரே ஒரு தடவை சொன்னான். அப்புறம் பேச்சு இல்லை.

அவனுக்குச் சேரும் பி பாசிட்டிவ் ஆஸ்பத்திரியில் இருந்ததே மூன்று பாட்டில். மூன்றும் ஏறியாகிவிட்டது. மேலே ஏற ஏற, காயக் கட்டை நனைத்துக்கொண்டு கீழே சொட்டியது.

பிரிட்ஜில் நாள்பட்டுக் கிடக்கும் ரத்தத்தில் உறையவைக்கும் சத்து போயிருக்கும், இனி அது உதவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது ஒருவர் உடம்பிலிருந்து எடுத்து, சோதித்து, சூடு ஆறுவதற்குள் ஏற்ற வேண்டும். திருச்சியிலிருந்து ரத்தம் வந்து சேரும்வரை இவன் தாங்க மாட்டான்.

வராந்தாவில் முப்பது பேர் நின்றார்கள். கறிக்குழம்பும் பிராந்தியும் கலந்த வாடை அடித்தது. புவனேஸ்வரி மூச்சை அடக்கிக்கொண்டு போய், ரத்தம் கொடுக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டாள்.

அவ்வளவுதான்.

குடித்தவர்களை அவளே ஒதுக்கினாள். அதில் பாதிக் கூட்டம் போயிற்று. மீதிப் பேரில் மணிவேலின் பெரிய அண்ணன் நல்லுசாமிக்கு எப்போதோ மஞ்சள் காமாலை வந்ததாம். எந்த வருடம் என்று கேட்டால் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கிறான். காலையில் ஏழு கெடாவை வெட்டியவன், சட்டையெல்லாம் ஆட்டு ரத்தம் தெறித்துக் காய்ந்திருக்கிறது, ஊசி என்றதும் காமாலை! அடுத்த அண்ணன் கொளஞ்சியப்பன் சிக்னல் இல்லையென்று செல்போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். போனவன் போனவன்தான்.

தனத்தின் கூடப்பிறந்த தம்பி செல்லப்பன் மட்டும் நின்று பதில் சொன்னான்.

"சாமிக்கு வெரதம் இருக்கேன் சிஸ்டர். ஒடம்புலேருந்து ரத்தம் சிந்தப்படாது."

விரதக்காரன் மீசையில் கறிக்கொழுப்பு ஒட்டியிருந்தது. இன்றைக்குத் தாய்மாமன் என்று மடியை விரித்து உட்கார்ந்து, கதறுகிற மூன்று வயதுக் குழந்தையை அமுக்கிப் பிடித்துக் காதில் ஊசி குத்தவைத்தவன் இவன்தான். குழந்தை அவன் தோளிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. காது வீங்கிச் சிவந்திருந்தது.

சீ என்று ஆகிவிட்டது புவனேஸ்வரிக்கு. இதுகளை எல்லாம் தொட்டு ஊசி போட்டு, மலம் அள்ளி, பிழைக்கவைத்து அனுப்புகிறோமே என்று தன் வேலைமேலேயே அருவருப்பு வந்தது.

கையை நீட்டியவள் தனம் ஒருத்திதான். விரல் நுனியில் குத்திப் பார்த்தார்கள். ஏ பாசிட்டிவ். புருசனுக்குச் சேராது. சேர்ந்தாலும் அந்த உடம்பில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

தனம் திரும்பி வந்து கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆட்டு ரத்தத்தத் தட்டுல புடிச்சா, அடுப்பு மூட்டுறதுக்குள்ள கட்டிப்பட்டுடுது. இவருது மட்டும் ஏங்க சிஸ்டர் இப்புடி ஓடுது?"

புவனேஸ்வரி வாயைத் திறப்பதற்குள் வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். நல்லுசாமி குடும்பத்தோடு ஒரு டாடா சுமோவில் ஏறிவிட்டான். ஊருக்குப் போய் ஆள் அனுப்புகிறானாம். மிச்சக் கறி இருந்த தூக்குவாளியை அவன் பெண்டாட்டி மடியில் பத்திரமாக வைத்திருந்தாள்.

"மனுசங்களா இதுங்கல்லாம்? தூ!" என்று வாய்விட்டே சொன்னாள் புவனேஸ்வரி.

தனம் வண்டிப் பக்கம் திரும்பவில்லை. புவனேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலில் குறை எதுவும் இல்லை. எந்த ஊர் என்று விசாரிப்பதுபோலத்தான் கேட்டாள்.

"ஒங்களுக்கு என்ன குரூப்புங்க சிஸ்டர்?"

"ஒன்னோடதுதாம்மா. ஏ பாசிட்டிவ்."

யோசிக்கவே இல்லை, அதுவாக வாயில் வந்துவிட்டது.

"நமக்குக் குடுத்து வைக்கல, விடுங்க" என்று தனம் அவள் முழங்கையைத் தடவிக்கொடுத்தாள். அவள் இவளுக்கு ஆறுதல் சொல்கிறாள்.

தனத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைத்துத்தான் புருசனைச் சேர்த்திருந்தாள். அது தெரிந்தும், புவனேஸ்வரி கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். போன மாதம்தான் எல்லா நர்சுகளுக்கும் கொடுத்தார்கள். அதில் பெயருக்குக் கீழே, சிவப்பு எழுத்தில், பி பாசிட்டிவ் என்று போட்டிருந்தது.